தங்கைக்கு இல்லாத புரதம்

என் தங்கைக்குச் சின்னக் காயம் பட்டாலும் ரத்தம் நிற்காது. பால்பல் விழுந்த நாட்களில் அம்மா அவளை மடியில் கிடத்தி, ஈறில் பஞ்சை அழுத்தியபடியே பகல் முழுக்க உட்கார்ந்திருப்பாள். அப்பா மாநகராட்சியில் துப்புரவு வேலை பார்த்தார். கொச்சி மட்டாஞ்சேரியில், அரிசிக் கிடங்குகளுக்குப் பின்னால் எங்கள் வீடு.

தொண்ணூறுகளின் நடுவில் அவள் வயதுக்கு வந்தபோது உதிரப்போக்கு நிற்காமல் மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அங்கேதான் காரணம் தெரிந்தது. ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் அவளுக்கு இருந்தன. ஆனால் அவை காயத்தில் ஒட்டிக்கொள்ள உதவும் ஒரு புரதம் பிறவியிலேயே இல்லை. வேறொருவரின் தட்டணுக்களை ஏற்றலாம், ஆனால் அவற்றையும் அவள் உடம்பு எத்தனை காலம் ஏற்கும் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

நான் உயிர்வேதியியல் படித்தது அதனால்தான். படிப்பு முடிந்ததும் கலூரில் ஓர் ஆய்வகத்தில் வேலை கிடைத்தது. இரண்டாம் வருடம் வெளிநாட்டிலிருந்து ஒரு பெட்டி வந்தது. உள்ளே சுண்டுவிரல் நுனியளவு குப்பி. மரபணுவை வேறு செல்களுக்குள் செலுத்தி உண்டாக்கிய மனிதத் தட்டணுப் புரதம். பெயரை இரண்டு முறை படித்தேன். தங்கையிடம் இல்லாத அதே புரதம். ஆராய்ச்சிக்கு மட்டும், மனிதர்களுக்குச் செலுத்தக்கூடாது என்று அடியில் அச்சிட்டிருந்தது.

வீட்டில் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். சொல்லிவிட்டேன்.

"இவளுக்கு இல்லாத சாமான் உன் கையில இருக்குல்ல?" என்றாள் அம்மா. "கொஞ்சம் கொண்டு வந்தா போதும் மோளே."

"அத ஊசியில ஏத்தினா பிரயோஜனம் இல்லம்மா. எலும்புக்குள்ள தட்டணு உண்டாகும்போதே அதுவும் கூடவே உண்டாகணும்."

"நீ உங்க லேப் சாரிட்ட கேட்டியா?"

கேட்கவில்லை. கேட்க ஒன்றுமில்லை. ஆனால் அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல முடியவில்லை. "கேட்டேன். ரெண்டு வருஷத்துல மருந்தா வருமாம்" என்றேன். அம்மா அன்றைக்கே அதைப் பக்கத்து வீடுகளிலெல்லாம் சொல்லிவிட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எறணாகுளம் போகும் படகில் தங்கை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, அம்மாட்ட பொய் சொன்னது சரி. என்கிட்ட சொல்லாத, கேட்டியா?"

"இல்லடி, ஆராய்ச்சி..."

"எத்தன வருஷம்?"

படகு கரை சேர்ந்ததும் இறங்கி நடந்தோம். அவள் அதற்குப் பிறகு கேட்கவில்லை.

மறுவருட மழைக்காலத்தில் தங்கை பள்ளுருத்தியில் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது வழுக்கி, தலையைக் கம்பியில் இடித்துக்கொண்டாள். வெளியே காயம்கூட இல்லை. மாலைக்குள் பேச்சு குழறியது. தலைக்குள் ரத்தக் கசிவு என்று ஆஸ்பத்திரியில் தட்டணுக்கள் ஏற்றினார்கள். ஏற்ற ஏற்ற அவள் உடம்பே அவற்றை அழித்தது. மூன்றாம் நாள் போய்விட்டாள். இருபது வயது.

இரண்டு வாரம் கழித்து வேலைக்குப் போனேன். அந்தப் புரதத்தைச் சோதனைத் தட்டில் சொட்டுச் சொட்டாக விட்டு, எதனோடு ஒட்டுகிறது என்று குறித்தேன். எல்லாம் சரியாக ஒட்டியது. அந்த அளவுகள் ஒரு கட்டுரையின் அட்டவணைக்குள் போயின. அதை யாராவது படித்தார்களா, தெரியாது.

அம்மா இன்னும் சில மாதங்களுக்கொருமுறை கேட்கிறாள்.

"அந்த மருந்து வந்துச்சா? நம்ம குட்டிக்கு இல்லேன்னாலும் வேற யாரோட குட்டிக்காவது..."

"வரலம்மா."

"சாரிட்ட கேளு."

கேட்கிறேன் என்கிறேன்.