பூட்டிய ஷெட்டுக்குள் புகை

1962-ஆம் வருஷக் கோடை. திருச்சி புத்தூரில் நாங்கள் புதிதாகக் குடிவந்திருந்த வீட்டுக்கு ஒரு விசேஷம் உண்டு. அதில் கார் ஷெட் இருந்தது, கார் இல்லை. முன்பு இருந்தவர் எந்த நம்பிக்கையில் கட்டினாரோ தெரியாது. ஆபீஸ் குமாஸ்தாவான எனக்கு இந்த ஜன்மத்தில் கார் வரப்போவதில்லை என்பது என் செருப்பைப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஆகவே அந்த ஷெட்டை மரவேலைப் பட்டறையாக மாற்றிவிடுவது என்று முடிவு செய்தேன்.

உடைந்த கதவு ஒன்றைக் கட்டைகள் மேல் கிடத்தி வேலை மேஜை தயார் செய்தேன். ரம்பம், உளி, இழைப்புளி, உளியைத் தட்டுவதற்கு மரச் சுத்தியல் எல்லாம் பெரிய கடைவீதியில் வாங்கிச் சுவரில் ஆணி அடித்து வரிசையாக மாட்டினேன். பார்க்கிறவர்கள் பரம்பரைத் தச்சன் என்று நினைப்பார்கள், நான் எதையும் செய்யத் தொடங்காத வரைக்கும். முதலில் செய்த ஸ்டூலுக்கு மூன்று கால் பூமியிலும் ஒரு கால் ஆகாயத்திலும் இருந்தது. என் மனைவி அதைப் பெருமையாகத்தான் ஏற்றுக்கொண்டாள். ஆனால் யாரையும் அதில் உட்கார விடவில்லை.

அடுத்ததாக நான் கைவைத்ததுதான் வில்லங்கம். ஸ்ரீரங்கத்தில் பாத்திரக்கடை வைத்திருக்கும் குடும்பத்தில் எங்கள் பெண்ணைக் கொடுத்திருந்தோம். அவளுக்குத் தலைப்பிரசவம். வளைகாப்பு முடிந்ததும் எங்கள் வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். ஷெட்டை ஒட்டிய அறைதான் அவளுக்கு என்று மனைவி ஒழித்து வைத்துவிட்டாள். நான் பேரப்பிள்ளைக்குத் தேக்கில் ஒரு தொட்டில் செய்ய ஆசைப்பட்டேன்.

ஆனால் குழந்தை பிறப்பதற்கு முன்னால் தொட்டில் செய்வது எங்கள் பக்கத்தில் கூடவே கூடாது. ஒரு சின்னச் சட்டைகூடத் தைக்க மாட்டார்கள். பிறந்த பிறகு தொடங்கலாம் என்றாலோ, என் வேலை வேகத்துக்குத் தொட்டில் முடியும்போது பிள்ளை பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கும். அதனால் ரகசியமாகவே தொடங்கினேன். ஷெட்டுக்குப் பெரிய பூட்டு. சாவி என் இடுப்பில். வேலை முடிந்ததும் தொட்டில் மேல் சாக்கைப் போட்டு மூடிவிடுவேன்.

"அப்படி என்னங்க செய்றீங்க உள்ளே?" என்றாள் மனைவி.

"புத்தக அலமாரி."

"பஞ்சாங்கத்தைத் தவிர ஒரு புத்தகம் இல்லாத வீட்டுக்கு அலமாரியா?" என்று என்னை மேலும் கீழும் பார்த்தாள். அந்தப் பார்வையில் தொடங்கிய சந்தேகம் அந்தக் கோடை முழுவதும் எங்கள் வீட்டில் குடித்தனம் நடத்தியது.

மரத்துக்கு மினுக்கு ஏற்ற ஆளிவிதை எண்ணெய் வாங்கப் பெயிண்ட் கடைக்குப் போனேன். கடைக்காரர் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார். நான் காதில் வாங்கவில்லை. அவர் அதில் கடலை எண்ணெய் கலந்திருப்பார் என்ற சந்தேகத்தில் டப்பாவை மோந்து பார்ப்பதிலேயே குறியாக இருந்தேன்.

என் பழைய பனியன்களைக் கிழித்து எண்ணெயில் நனைத்து முதல் பூச்சுக் கொடுத்தேன். துணிகளைச் சுருட்டி, மரச்சுருளும் தூளும் போட்டு வைத்திருந்த கோணிக்குள் திணித்தேன். மறுநாள் சாயங்காலம் ஷெட்டைத் திறந்தால் கருகல் நெடி. கோணிக்குள் இருந்த பனியனில் ஒரு பெரிய ஓட்டை. ஓரமெல்லாம் கறுப்பு.

பூட்டு பூட்டியபடியே இருந்தது. பக்கத்து வீட்டைப் பார்த்தபடி மேலே ஒரு சின்ன ஜன்னல் மட்டும் திறந்திருந்தது. எனக்கு எல்லாம் பளிச்சென்று விளங்கிவிட்டது.

பக்கத்து வீட்டில் ரயில்வேயில் கார்டாக இருந்து ரிட்டயரானவர் குடியிருந்தார். வாயில் எந்நேரமும் உறையூர்ச் சுருட்டு. கழுத்தில் பழைய விசிலை இன்னும் மாட்டியிருப்பார். முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் மதில் மேலாக எட்டிப் பார்த்து, "தம்பி, நீங்க தட்டுற சத்தத்துல என் மத்தியானத் தூக்கமே போச்சு. ஒரு நாளைக்கு நானே இதுக்கு ஒரு முடிவு கட்டுறேன் பாருங்க" என்று சொல்லியிருந்தார். இதோ கட்டிவிட்டார். சுருட்டுத் துண்டை ஜன்னல் வழியாக வீசிவிட்டார்!

உடனே ஜன்னலைப் பலகை வைத்து ஆணி அடித்து அடைத்தேன். அவர் மதிலோரம் நின்று சுருட்டைப் புகைத்தபடி நான் அடித்த ஒவ்வொரு ஆணியையும் பார்த்துக்கொண்டிருந்தார். குற்றவாளியின் கண் என்றால் அதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாவது பூச்சுக்கு மறுநாள் கோணியின் ஒரு மூலையே கருகியிருந்தது. பூட்டு அப்படியே. ஜன்னல் பலகை அப்படியே. ஆபீஸில் பக்கத்து மேஜை நண்பரிடம் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"பூட்டின ரூமுல துணி தானா எரியுதா? சார், அது குட்டிச்சாத்தான் வேலை. யாரோ ஏவி விட்டிருக்கான்."

நான் படித்தவன். இதையெல்லாம் நம்ப மாட்டேன். அதனால்தான் அன்று வீட்டுக்குத் திரும்பும்போது எலுமிச்சம்பழம் ஒன்றே ஒன்று மட்டும் வாங்கினேன். குட்டிச்சாத்தானுக்கு ஒன்று போதும். பக்கத்து வீட்டுக்காரருக்குப் பூட்டு இருக்கிறது என்று என் கணக்கு.

கருகல் நெடி மனைவியின் மூக்குக்கு எட்டாமலா இருக்கும்? ஒரு நாள் ஷெட் வாசலில் என்னை நிறுத்தி விஷயத்தைக் கறந்துவிட்டாள், தொட்டிலைத் தவிர.

"எவனோ நெருப்பு வைக்கிறான்னு சொல்றீங்க. இந்த அறையிலே என் பொண்ணைப் படுக்க வைக்கணுமா? நாளைக்கே ஸ்ரீரங்கம் போயி சம்பந்தி அம்மாகிட்ட, பிரசவம் அங்கேயே இருக்கட்டும்னு சொல்லிட்டு வாங்க."

தலைப்பிரசவத்துக்குப் பெண்ணை அழைக்காத தகப்பன்! சொல்லிவிட்டு அந்த வீட்டுப் படியை மறுபடி எப்படி மிதிப்பது? என் பெண்ணுக்கு அங்கே காலம் முழுக்க அந்தப் பேச்சுத்தானே மிஞ்சும்? காவிரிப் பாலத்தில் பஸ் போகும்போது, எதிரே தெரிந்த கோபுரத்தைப் பார்த்து என்னென்னவோ வேண்டிக்கொண்டு போனேன்.

சம்பந்தி அம்மாள் காப்பி கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"என்ன சம்பந்தி, திடீர்னு? பொண்ணை அழைச்சிட்டுப் போறதுல ஏதாவது யோசனையா?"

"சேச்சே! எண்ணெய்ச் சட்டி ஒண்ணு வாங்கலாம்னு..."

வேண்டாத சட்டியைத் தூக்கிக்கொண்டு எழுந்தேன். என் பெண் வாசல் வரைக்கும் வந்து, "அப்பா, அந்த ஷெட்டுப் பக்கத்து ரூம்தானே எனக்கு? ஜன்னல்ல காத்து நல்லா வரும்ல?" என்றாள். சட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். வளைகாப்பு நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் எதிரியைக் கையும் சுருட்டுமாகப் பிடித்தாக வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் தொட்டிலுக்குக் கடைசிப் பூச்சுக் கொடுத்து, துணிகளை வழக்கம்போலக் கோணியில் திணித்தேன். மத்தியானம் சாப்பாடு ஆனதும் மனைவியைக் கூப்பிட்டேன். நான் உள்ளே ஒளிந்துகொள்வது, அவள் வெளியே பூட்டிவிடுவது, ஷெட்டில் ஆள் இல்லை என்று நம்பி எதிரி வரும்போது நான் பாய்வது. இதுதான் திட்டம்.

"உள்ளே இருந்துக்கிட்டு எப்படிப் பாய்வீங்க? பூட்டியிருக்குமே" என்றாள்.

"அதெல்லாம் உனக்குப் புரியாது. பூட்டு" என்றேன். பூட்டினாள். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு கடைத்தெருவுக்குக் காய்கறி வாங்கப் போய்விட்டாள். திட்டத்தில் இது கிடையாது.

நான் மரச் சுத்தியலைக் கையில் பிடித்தபடி, அடைத்த ஜன்னலுக்குக் கீழே பக்கத்து வீட்டுச் சுவர்ப் பக்கம் காதை வைத்துக் குந்தியிருந்தேன். கத்திரி வெயில். தகரக் கூரை. வேர்வை ஆறாக ஓடியது. சற்று நேரத்தில் புகை நெடி வந்தது. சுருட்டு! ஆள் வந்துவிட்டான்! மூச்சை அடக்கிக்கொண்டேன். நெடி கூடியது. எவ்வளவு கிட்டே வந்துவிட்டான் பாரேன் என்று எனக்குள் ஒரே குதூகலம். கண் எரிந்தது. தொண்டை கமறியது. அப்போதும் நான் ஜன்னலிலிருந்து பார்வையை எடுக்கவில்லை. முதுகு சுட்ட பிறகுதான் திரும்பினேன்.

கோணி, யாரும் தொடாமல், தானாகப் புகைந்துகொண்டிருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் வாயில் ஒரு சின்ன ஜுவாலை எட்டிப் பார்த்தது. பக்கத்திலேயே தொட்டில்.

குட்டிச்சாத்தானே நேரில் வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். எலுமிச்சம்பழத்தை எடுத்து அதன் மேல் எறிந்தேன். குறியும் தப்பியது. பிறகு கதவை இரண்டு கையாலும் அடித்து, எந்த எதிரியைப் பிடிக்க உட்கார்ந்தேனோ அவரையே கூப்பிட்டேன்.

"அண்ணே! காப்பாத்துங்க அண்ணே!"

மதிலோரம் செருப்புச் சத்தம் கேட்டது.

"யாருடா உள்ளே?"

"நான்தான் அண்ணே!"

"நான்தான்னா யாரு? வீட்டுக்காரர் பூட்டிட்டுப் போயிருக்கார், உள்ளேருந்து நான்தாங்கிறியா? திருட்டுப் பயலே, அகப்பட்டுக்கிட்டியா!"

உடனே விசில் அடித்தார் பாருங்கள், ஓடுகிற மெயிலே நின்றுவிடும். தெரு முழுவதும் கூடிவிட்டது. "திருடன், திருடன்" என்று வெளியே கூச்சல். "நெருப்பு, நெருப்பு" என்று உள்ளே நான். கடைசியில் என் பெயரையும், என் ஆபீஸையும், அவருடைய மத்தியானத் தூக்கத்தைக் கெடுத்ததற்கு மன்னிப்பையும் ஒரே மூச்சில் கத்தினேன். அதற்குள் கதவிடுக்கில் புகை வெளியேறிவிட்டது.

"அடப்பாவமே, நம்ம தம்பி!" என்றவர் கடப்பாரையால் ஒரே நெம்பில் பூட்டைப் பெயர்த்தார். என்னைச் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டார். கோணியை மண்ணில் உதைத்துத் தள்ளினார். மறுபடி உள்ளே ஓடி, சாக்கு மூடியிருந்த பொருளையும் நடுத்தெருவுக்கு இழுத்து வந்தார். யாரோ ஒரு குடம் தண்ணீரை ஊற்ற, சாக்கு நழுவியது.

தெரு முழுவதும் தொட்டிலைப் பார்த்தது. அதே நேரத்தில் காய்கறிப் பையோடு என் மனைவியும் வந்து நின்றாள்.

கார்டு ஒரு குச்சியால் கோணியைக் கிளறினார். ஓரத்தில் இருந்த துணி நெருப்புப் படாமல் அப்படியே இருந்தது. சுருட்டிய பனியன்களின் நடுவில் தணலாகக் கனன்றது.

"ஈர வைக்கோலைப் போர் போட்டா எங்க ஊர்ல இப்படித்தான் உள்ளுக்குள்ளேயே சூடேறிப் பத்திக்கும்" என்றாள் மனைவி மெதுவாக. "இது எண்ணெய்த் துணி. அதையும் சுருட்டித் திணிச்சு, காத்துப் போகாம அடைச்சும் வெச்சிருக்கீங்க." மறுநாள் பெயிண்ட் கடைக்காரரும், "துணியைக் கொடியில விரிச்சுக் காயப்போடுங்கன்னு படிச்சுப் படிச்சு சொன்னேனே சார், நீங்க டப்பாவை மோந்துக்கிட்டில்ல நின்னீங்க" என்றார்.

கார்டு என் பக்கம் திரும்பினார். "என் சுருட்டுன்னுதானே நெனச்சீங்க தம்பி? ஜன்னலை அடைக்கும்போதே தெரிஞ்சுது."

"மன்னிச்சிடுங்க அண்ணே" என்றேன்.

"விடுங்க. நான் என்ன நெனச்சேன் தெரியுமா? பூட்டு, அடைச்ச ஜன்னல், எண்ணெய் வாடை, கருகல் வாடை... சாராயம் காய்ச்சுறீங்கன்னு நெனச்சேன். போலீசுக்குச் சொல்றதா வேணாமான்னுதான் தினம் மதிலோரம் நின்னு யோசிச்சேன். நல்லவேளை, சுருட்டு தீரல, தீர்ந்திருந்தா ஸ்டேஷனுக்கு நடந்திருப்பேன்."

தெரு சிரித்தது. என் மனைவி சிரிக்கவில்லை. தொட்டிலைச் சுற்றிச் சுற்றி வந்தாள். கூட்டத்தில் ஒரு அம்மாள், "பிள்ளை பிறக்குமுன்னே தொட்டிலா?" என்று முணுமுணுத்தாள். இந்தத் தீயே அந்தக் குற்றத்துக்குத்தான் என்று மனைவியும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், பெண் இந்த வீட்டுக்கு வர மாட்டாள்.

தொட்டிலின் ஒரு காலில் உள்ளங்கை அகலத்துக்குக் கருகல். மனைவி அதைப் புடவைத் தலைப்பால் துடைத்துப் பார்த்தாள். போகவில்லை.

"இருந்துட்டுப் போகட்டும். திருஷ்டிப் பொட்டு தானா வெச்சுக்கிட்டு வந்திருக்கு" என்றாள், அந்த அம்மாளுக்குக் கேட்கும்படியாக. பிறகு என்னிடம், "நாளைக்கு ஸ்ரீரங்கம் போயி, வளைகாப்பு முடிஞ்சதும் அழைச்சுக்கறோம்னு சொல்லிட்டு வாங்க. இந்தத் தடவை சட்டி வாங்கிட்டு வராதீங்க" என்றாள்.

பெண் வந்தாள். அந்த அறையிலேயே படுத்தாள். பேரன் பிறந்து, அந்தத் தொட்டிலில்தான் வளர்ந்தான். அவன் அழுதால் கார்டு மதிலுக்கு அப்பாலிருந்து மெல்ல விசில் ஊதுவார், உடனே அடங்கிவிடுவான். அதற்கப்புறம் அவருடைய மத்தியானத் தூக்கத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. கருகின இடத்தை இழைத்து எடுத்துவிடுகிறேன் என்று நான் எத்தனையோ தடவை கேட்டும் மனைவி இழைப்புளியைப் பக்கத்தில் கொண்டுவர விடவில்லை. எண்ணெய்த் துணிகள் இப்போது கொடியில், தெருவுக்கே தெரியும்படி காய்கின்றன.

இப்போதும் யார் மேலாவது எனக்குச் சந்தேகம் வராமல் இல்லை. வரும்போதெல்லாம், அவர்கள் ஜன்னலை முறைப்பதற்கு முன்னால், என் முதுகுக்குப் பின்னால் ஏதாவது புகைகிறதா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொள்கிறேன்.