பெல்மனை அழித்த வாரம்

ஈனோக் டெபட் யாரைச் சந்தித்தாலும் முதலில் காலைத்தான் பார்ப்பான். அப்புறம் தோள், கழுத்து. முகத்துக்கு வந்து சேர்வதற்குள் எதிராளி பேசி முடித்திருப்பார். "என்னப்பா, லாடம் சரியா இருக்கா?" என்று இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயர் சந்தைகளில் அவனைக் கிண்டல் செய்யாதவர்கள் இல்லை. நரிவேட்டைப் படம் வரைந்தே பிழைத்தவன். குதிரையை அப்படித்தான் பார்க்க வேண்டும்.

அந்த இலையுதிர் காலத்தில் அவனுடைய ஒரே மகள் லெட்டிஸ் நெஞ்சுச்சளியில் படுத்தாள். மருத்துவர் கைவிரித்துவிட்டார்.

"அவ போறதுக்குள்ள முகத்தையாவது வரைஞ்சு குடு," என்றாள் மனைவி கெசாயா. "துரை வீட்டு நாய்க்கெல்லாம் படம் இருக்கு. நம்ம புள்ளைக்கு ஒண்ணு இல்ல."

"துரை கேட்ட வேட்டைப் படத்தை முடிச்சிட்டு உட்கார்றேன். சத்தியமா."

படம் முடிந்தது. உழுத வயல், பாயும் குதிரைகள், முன்னால் வேட்டைநாய்க் கூட்டம். படத்தைப் பார்க்க வந்த துரை, வேட்டையில் தன் நாய்களை நடத்தும் ஜெம்மையும் கூட்டி வந்தார். ஒவ்வொரு நாயாகப் பேர் சொல்லிக்கொண்டு வந்த ஜெம் சட்டென்று நின்றான்.

"அடப்பாவி, இது பெல்மன்ல?"

"ஆமா. முன்னால ஓடுற நாயாச்சே."

"ஓடுச்சு, ஆட்டுக்குப் பின்னால! போன மாசம்தான் தூக்குல போட்டோம். உனக்கு யாரும் சொல்லலையா?"

துரையின் முகம் சிவந்தது. "ஆட்டைக் கடிச்ச நாய் என் சாப்பாட்டு அறையில தொங்கணுமா? விருந்துக்கு ஊரே வருது. மாத்திக் குடுய்யா."

ஒரு நாயை அழித்தால் போதவில்லை. பின்னால் வருவதை முன்னுக்குக் கொண்டுவர வேண்டும். அதன் நிழல், அது கிளப்பும் சேறு, எல்லாமே மாற வேண்டும். பக்கத்து அறையில் இருமல் ஓயவில்லை. நடுவில் ஒருமுறை லெட்டிஸே குரல் கொடுத்தாள்.

"அப்பா, இப்ப என் முறையா?"

"இன்னும் ஒரே ஒரு வால்தான், கண்ணு."

அந்த வால் காய்வதற்குள் இருமல் நின்றுவிட்டது.

அடக்கம் முடிந்ததும் சட்டத்தில் புதுத் துணி இழுத்துக் கட்டினான். செத்துப்போன பெல்மனின் காது மடிப்பும் முதுகுப் புள்ளியும் அப்படியே கண்முன் நின்றன. மகளின் கன்னத்தில் ஒரு மச்சம் உண்டு. எந்தக் கன்னம்?

"கெசாயா, மச்சம்... வலதா, இடதா?"

அடுப்பைக் கிளறிக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை.

"ஏழு வருஷம் உன் மடியில கிடந்தா. என்னைக் கேட்காத."

அதற்குப் பிறகும் துரைமார்களின் சுவர்களுக்கு எத்தனையோ வேட்டைகளை வரைந்து கொடுத்தான். கெசாயா மறுபடி கேட்கவேயில்லை. அவன் இறந்த அன்றும் அவளுக்குத் தர வேண்டிய படம் பாக்கி.