வெர்னா காவல் இருந்த கோப்பைகள்

எண்ணெய்க் கிணறுகள் சூழ்ந்த ஆயில்டேல் ஊரில் பர்கெட் மதுக்கூடத்துக்கு வருகிறவர்கள், இடையில் எழுந்து போகும்போது கோப்பைக்கு அடியில் இருக்கும் வட்ட அட்டையை எடுத்து அதன் மேல் வைத்துவிட்டுப் போவார்கள். திரும்பி வருவேன், எடுத்துவிடாதே என்று அர்த்தம். அட்டை வைத்த கோப்பை, அங்கே மது ஊற்றிக் கொடுக்கும் வெர்னா ஸ்டாலிங்ஸின் பொறுப்பு. வாசலில் நின்று சிகரெட் பிடிக்கலாம், மனைவியோடு தொலைபேசியில் சண்டையை முடித்துவிட்டு வரலாம். கோப்பை அங்கேயே இருக்கும்.

வெர்னாவுக்கு வேறு பெருமை பெரிதாக ஒன்றும் கிடையாது. அப்பா எண்ணெய்க் கிணற்றில் விரல்களைப் பறிகொடுத்தவர். கணவன் டெக்சாஸுக்கு வேலை தேடிப் போய் அங்கேயே தங்கிவிட்டான். மிச்ச வாழ்க்கை மதுக்கூடத்தின் நீண்ட மரப் பலகைக்குப் பின்னால் நின்றபடியே கழிந்தது. யார் குடித்தால் அழுவார், யாருடைய கார்ச் சாவியைப் பிடுங்கி வைக்க வேண்டும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

அதனால்தான் சட்டம் வந்தபோது தன்னை யாரோ சந்தேகப்பட்ட மாதிரி அவளுக்குச் சுட்டது. மதுவில் மயக்கமருந்து கலந்திருக்கிறதா என்று பார்க்கும் சோதனைத் தாள்களை மதுக்கூடங்கள் கையிருப்பில் வைத்திருக்க வேண்டுமாம். கேட்டால் கோப்பைக்கு மூடி தர வேண்டுமாம். முதலாளி ஹாய்ட் பர்கெட் அதைச் சொல்லும் அறிவிப்பைக் கழிப்பறைக் கதவுக்குப் பக்கத்தில் மாட்டினார். தாள் பெட்டி வெர்னாவின் கைக்கடியில் வந்து உட்கார்ந்தது.

"என் கடையில எவன்டா கலக்கப் போறான்?" என்றாள்.

எண்ணெய்க் கிணறு தோண்டி ஓய்வுபெற்ற மெர்ல் டாக்கெட் தன் கோப்பையை நீட்டினார். "இதுல பீர் இருக்கான்னு பாரு வெர்னா. எனக்கென்னமோ வெறும் தண்ணின்னு படுது."

அன்று ஆரம்பித்தது விளையாட்டு. சுவரில் மாட்டிய வட்டத்தில் குட்டி அம்பெறியும் போட்டியில் தோற்றவன் எல்லார் முன்னாலும் தன் பீரைச் சோதித்துக் காட்ட வேண்டும். சிரித்துக்கொண்டே தாள் எடுத்துக் கொடுத்தது வெர்னாதான். வசந்தம் வருவதற்குள் பெட்டி காலி. ஹாய்ட்டிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தாள், மறந்தாள்.

ஒரு சனிக்கிழமை பிற்பகல், போட்டி மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. பக்கத்துத் தெரு முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கும் டாம்சின் ரூர்க், வேலை முடிந்து சீருடையோடே வந்து ஜின் வாங்கினாள். அட்டை வைத்துவிட்டுக் கழிப்பறைக்குப் போனாள். திரும்பி வந்தவள் பலகைமேல் சாய்ந்து, தாழ்ந்த குரலில் பேசினாள்.

"வெர்னா, அந்தத் தாள் ஒண்ணு குடுங்களேன். அட்டை நான் வச்ச மாதிரி இல்ல."

வெர்னா குனிந்து பெட்டியைத் தொட்டாள். தொட்டதுமே நினைவு வந்துவிட்டது. அந்தப் பக்கம் நாலைந்து பேர் காலிக் கோப்பையோடு நின்றார்கள். தாள் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

"நம்ம ஆளுங்கதான் கண்ணு எல்லாம். நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன். குடி."

அவள் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. பின்னறையில் பீர்ப் பீப்பாய் மாற்றிக்கொண்டிருந்தாள்.

டாம்சின் குடித்தாள். அடுத்த ஆட்டம் முடிவதற்குள் முக்காலியிலிருந்து சரிந்தாள். கீழே கால் வைக்கும் பித்தளைக் குழாயில் நெற்றிப்பொட்டு மோதியது. வெர்னா ஆம்புலன்ஸை அழைத்தாள், தலையை மடியில் வைத்துக்கொண்டாள். வண்டி போன பிறகு, அவளால் சும்மா நிற்க முடியவில்லை. பலகையைத் துடைத்தாள், கோப்பைகளைக் கழுவினாள். டாம்சினுடையதையும் சேர்த்துத்தான்.

ரத்தத்தில் மருந்து இருந்தது என்றார்கள். யார் போட்டது என்று மட்டும் தெரியவில்லை. அங்கே இருந்த ஒருவரும் எதையும் பார்க்கவில்லையாம். எல்லார் கண்ணும் அம்பு மேலேயே இருந்ததாம். டாம்சின் பிழைத்தாள். ஆனால் நின்றால் தலை சுற்றுகிறது. கிழவர்களைத் தூக்கி உட்கார வைக்கும் வேலை அவளிடமிருந்து போயிற்று.

மறுநாளே ஹாய்ட் புதுப் பெட்டி கொண்டுவந்து வைத்தார். உரிமத் துறையிலிருந்து விசாரணைக்கு வரப்போகிறார்கள். "அந்தப் பொண்ணு கேக்கல. கேட்டிருந்தா குடுத்திருப்போம். இதுக்கு மேல நீ ஒண்ணும் பேச வேண்டாம்" என்றார்.

கேட்டதை அறிந்தவள் வெர்னா ஒருத்திதான். டாம்சினுக்கு அந்தப் பிற்பகலே நினைவில் இல்லை. அவளே ஏதோ விழுங்கிவிட்டு வந்திருப்பாள் என்று ஊர் பேசத் தொடங்கியிருந்தது.

விசாரணைக்கு முன்பே டாம்சின் வந்துவிட்டாள். கடை திறக்கும் நேரம். அம்மா காரில் காத்திருக்க, சுவரைப் பிடித்தபடி உள்ளே நடந்து வந்தாள். ஹாய்ட் கல்லாப்பெட்டி அருகே நின்றிருந்தார்.

"அறிவிப்பு மாட்டியிருந்துச்சே, ஏன் கேக்கலன்னு எல்லாரும் என்னைத்தான் கேக்கறாங்க. எங்கம்மாவும் கேக்கறாங்க. எனக்கு ஞாபகம் இல்ல. நான் கேட்டேனா?"

ஹாய்ட் தொண்டையைக் கனைத்தார்.

"கேட்ட," என்றாள் வெர்னா. "பெட்டி காலியா இருந்துச்சு. நான் பாத்துக்கிட்டு இருந்ததா பொய் சொல்லி, உன்னைக் குடிக்க வச்சேன்."

டாம்சின் பலகையைப் பிடித்துக்கொண்டாள். "ஏன் கேக்கறேன்னு சொன்னேனா?"

"சொன்ன. அட்டை நீ வச்ச மாதிரி இல்லன்னு."

டாம்சின் சுவரைப் பிடித்துக்கொண்டே வெளியே போனாள். விசாரணைக்கு வந்தவரிடமும் வெர்னா இதையேதான் சொன்னாள். உரிமம் நிறுத்தப்பட்டு, கோடை முழுவதும் கடை பூட்டிக் கிடந்தது. திறந்தபோது பலகைக்குப் பின்னால் வேறொருத்தி நின்றாள்.

வெர்னா இப்போது நெடுஞ்சாலையில், பெட்ரோல் நிலையக் கடையில் காபி ஊற்றுகிறாள். பழைய ஆட்கள் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். அவளுக்கும் அது வசதிதான். அன்று அம்பெறிந்துகொண்டிருந்தவர்களில் ஒருவன் அதைச் செய்தான். எவன் என்று தெரியாததால் ஒவ்வொரு முகத்தையும் அவள் மனதில் எடுத்துப் பார்க்கிறாள். ஒவ்வொருவரும் குடிப்பது என்னவென்று அவளுக்குத் தெரியும். முக்காலிக்குப் பக்கத்தில் யார் நின்றார் என்பது மட்டும் தெரியாது.

போன வாரம் மெர்ல் வந்தார். அவரும் அன்று அங்கே இருந்தவர்தான். ஒன்றுமே நடக்காத மாதிரி காபி கேட்டார். அவள் ஊற்றிவிட்டு ஒரு மூடியைக் கையில் எடுத்தாள்.

"மூடியெல்லாம் எதுக்கு வெர்னா, நமக்குள்ள?"

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். அவர் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. விளிம்பு சுற்றி விரலால் மூடியை அழுத்திவிட்டு, கோப்பையை அவர் பக்கம் தள்ளினாள்.