சுண்டெலிக்கு வியர்த்த நாள்

என் அண்ணி தெருமுனையில் வந்தாலே பிள்ளைகள் "சுண்டெலி வந்தாச்சு" என்று கத்தும். குழந்தைகள் தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் பல வருடமாகச் சுண்டெலிக்குக் குரல் கொடுத்தவர். குரலுக்கு வயது ஆறு, ஆளுக்கு ஐம்பது. அதே தொடருக்கு வசனம் எழுதுகிறவள் நான், அவருடைய நாத்தனார். எங்கள் இருவருக்கும் ஆகாது என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்துபோனார்கள்.

போன வருடம் அந்த வாயாடி திடீரென்று வாயை மூடிக்கொண்டார். எதைக் கேட்டாலும் தலையாட்டல். வீட்டில் பேசியதெல்லாம் சமையலறைப் பாத்திரங்கள்தான். தூக்கம் கிடையாது, காரணமில்லாமல் அழுகை. என் அண்ணன் தன்மேல்தான் கோபம் என்று முடிவுகட்டி, தினம் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள ஆரம்பித்தான்.

"உங்கம்மா வந்தப்போ தலைவலின்னு படுத்தேனே, அது பொய்."

அண்ணி முறைத்தார். மறுநாள் அடுத்தது.

"அந்தப் பூந்தொட்டிய உடைச்சது பூனை இல்ல."

விஷயம் வேறு என்று பிறகுதான் தெரிந்தது. அண்ணிக்கு மாதவிடாய் நிற்கிற வயது. கூடவே குரலும் தடித்துக்கொண்டு வந்தது. மிச்சமிருந்த குரலைச் சுண்டெலிக்காகப் பொத்திப் பொத்தி வைத்திருக்கிறார். அது போனால் தான் ஒன்றுமே இல்லை என்று பயம். யாரிடமும் சொல்லாததில் பயம் இன்னும் பெருத்தது. என்னிடமாவது சொல்லியிருக்கலாம். அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

ஒருநாள் ஒலிப்பதிவு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சின்ன அறை. ஏசியின் இரைச்சல் மைக்கில் விழும் என்பதால் பதிவின்போது அதை நிறுத்திவிடுவோம். சுண்டெலி பசிக்கிறது என்று சிணுங்க வேண்டும். அண்ணிக்குக் குரல் உடைந்தது. திரும்பவும் உடைந்தது. "இன்னொரு தடவ, மேடம்" என்றார் இயக்குநர். அண்ணியின் முகம் சிவந்தது, வியர்வை கொட்டியது. இந்த முறை சுண்டெலி சிணுங்கவில்லை. அடிவயிற்றிலிருந்து இடி கிளம்பியது.

"எவன்டா அங்க? ஏசியப் போடுங்கடா! வெந்து சாகுறேன்!"

ஒலிப்பதிவாளர் ஹெட்ஃபோனைப் பிடுங்கிப் போட்டார். அண்ணி அழுதுவிட்டார். "முடிஞ்சுபோச்சு. சுண்டெலிக்கு வேற ஆளப் பாருங்க. எனக்கு எல்லாம் நிக்கிற வயசு, குரலும் போச்சு" என்று மைக்கிலேயே சொல்லிவிட்டார். யாரிடமும் சொல்லாததை எல்லோரும் கேட்டோம்.

புதிதாக வரப்போகிற அரக்கி ராணிக்குக் குரல் தேடி அலுத்துப்போயிருந்த இயக்குநர், "அத மறுபடி போடுங்க" என்றார். அந்த இடி ஒலிபெருக்கியில் இறங்கியது. அண்ணி நிமிர்ந்தார்.

"இது நானா?"

"சாட்சாத் நீங்கதான் அண்ணி" என்றேன்.

அவருக்குச் சிரிப்பு வந்தது. கண்ணீர் காய்வதற்குள் வயிறு குலுங்கச் சிரித்தார். அதையும் பதிவுசெய்துகொண்டோம். இன்றும் அரக்கி ராணி அப்படித்தான் சிரிக்கிறாள்.

சுண்டெலியை விட்டுக்கொடுத்தது வலித்தது என்று வீடு திரும்பும் வழியில் சொன்னார். சொல்லிவிட்டு, மூச்சுவிடாமல் வீடுவரை பேசினார். எனக்கு அப்படியொரு சந்தோஷம்.

அன்று மாலையே அண்ணனிடமும் எல்லாவற்றையும் கொட்டினார். அண்ணன் வாய்பிளந்து கேட்டான்.

"அப்ப எம்மேல கோபமே இல்லையா?"

"இல்லவே இல்ல."

"அப்ப நான் ஒத்துக்கிட்டதெல்லாம்..."

அண்ணி இடுப்பில் கைவைத்து எழுந்தார்.

"இப்ப வருது" என்றார், அரக்கி ராணியின் குரலில். "பூந்தொட்டியிலேருந்து ஆரம்பிங்க."

தெருவுக்கே கேட்டது.