கினுயோ காத்திருந்த முத்திரை

இசோதானி ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்க ஆள் வேண்டும் என்று அறிவித்தபோது, மனுப் போட்டவள் கினுயோ ஒருத்திதான். அப்போது அவளுக்கு நாற்பத்தோரு வயது. மத்தி மீனை டப்பாவில் அடைக்கும் ஆலையில் இதைவிட நல்ல சம்பளம். அதை விட்டுவிட்டுக் கடலைப் பார்த்த ஸ்டேஷனின் ஒற்றை அறையில், அடுப்புக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

முந்தின வருஷம்தான் அவள் கணவன் தொக்குஜி, ஒசாகாவில் வேலை தேடி ரயிலேறியிருந்தான். இரண்டு கடிதம் வந்தது. பிறகு அதுவும் இல்லை.

கணவாய் மீன் கருவாடு விற்கும் ஷிசூ தினமும் ஜன்னலில் தலையை நீட்டுவாள். "ஏன்டி கினு, இன்னைக்காவது எறங்கினானா ஒன் மகராசன்?"

"எறங்கினா ஒங்கிட்டதான் மொதல்ல சொல்வேன்."

ஊர் அவளைப் பார்த்துப் பாவப்பட்டது. ஒன்பது வருஷம் இப்படியே போயிற்று.

பிப்ரவரியில் ஒரு நாள், பகல் வண்டியிலிருந்து தொக்குஜி இறங்கினான். தலை நரைத்திருந்தது. அண்ணன் இறந்த நாற்பத்தொன்பதாம் நாள் சடங்குக்கு வந்திருந்தான். வந்த டிக்கெட்டைத் திருப்பித் தர ஜன்னலில் நீட்டியவன் அவளைப் பார்த்தான்.

"கினுயோ... இங்கயா இருக்க? எனக்காகவா?"

"உங்களுக்காகத்தான்."

இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை எடுத்து வைத்தாள். விவாகரத்துப் படிவம். அவள் பக்கம் எழுதி, கையெழுத்துக்குப் பதிலாகக் குத்தும் குடும்பப் பேர் முத்திரையும் குத்தியிருந்தது. அவன் பக்கம் காலி.

"இதுக்கா ஒம்பது வருஷம்?"

"ஊருக்குள்ள வர வேற வழி ஏது? எப்படியும் இதுலதானே எறங்கணும்."

பெஞ்சில் இருந்த ஷிசூவுக்குப் பொறுக்கவில்லை. "அடிப்பாவி! அவங்க குடும்பப் பேர் போட்ட முத்திரை எந்தக் கடையிலயும் கெடைக்குமே. வாங்கி நீயே குத்தியிருக்கலாமே?"

"அவர் கையால குத்தணும்க்கா."

"வேற யாரையாவது கட்டிக்கப் போறியா?" என்று கேட்டான் தொக்குஜி.

"இல்ல. அன்னைக்குப் போயிட்டு வரேன்னு சொன்னீங்க. இப்ப போறேன்னு சொல்லிட்டுப் போங்க. அவ்வளவுதான்."

அண்ணன் வீட்டுப் பத்திர வேலைக்காக முத்திரை அவன் சட்டைப் பையிலேயே இருந்தது. தாளை மேலிருந்து கீழ்வரை படித்தான். பிறகு குத்தினான். சாட்சி இரண்டு பேர் வேண்டும். ஷிசூ ஒன்று. எதிர் வண்டிக்காக நின்றிருந்த ரயிலின் ஓட்டுநரைக் கூப்பிட்டார்கள்.

"ஆறு நிமிஷம்தான் நிப்பேன். கல்யாணமா?"

"அதுக்கு நேரெதிர். சீக்கிரம் எழுதுப்பா," என்றாள் ஷிசூ.

சடங்கு முடிந்து சாயங்கால வண்டிக்குத் தொக்குஜி திரும்பி வந்தான். கினுயோ ஒசாகாவுக்கு டிக்கெட் கொடுத்தாள். "போறேன்," என்றான். தலை குனிந்து வணங்கினாள். வண்டி போன பிறகு ஒரு பள்ளிக்கூடப் பெண் வந்து அடுத்த ஸ்டேஷனுக்கு டிக்கெட் கேட்டாள். கினுயோ அவளுக்கும் ஒசாகா டிக்கெட்டையே நீட்டினாள். அந்தப் பெண் சொன்ன பிறகுதான் தெரிந்தது.

மறுநாள் நகராட்சியில் தாளைக் கொடுத்தாள். பிறந்த வீட்டுப் பெயர் திரும்பி வந்தது. வேலையை அவள் விடவில்லை. அறுபத்து மூன்று வயது வரை அங்கேயே இருந்தாள். இன்னும் எதற்கு என்று ஷிசூ கேட்டதற்கு, ஆலையில் குளிருக்கு அடுப்பு கிடையாது என்றாள்.