அண்ணையின் மூன்றடிப் படம்

அண்ணை, என்ரை அண்ணை, முதலில் உங்களிடம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் அதை விடவில்லை. கட்டிலில் கிடந்தபடி "விடு, போகட்டும்" என்று இரண்டு முறை சொன்னீர்கள். இரண்டு முறையும் தலையாட்டினேன். உங்கள் மனம் நோகக் கூடாதே என்று பொய்க்குத்தான் ஆட்டினேன்.

மற்றவர்களுக்கு விளங்கச் சொல்கிறேன். என் அண்ணை யாழ்ப்பாணப் பட்டினத்தில் ஒரு ஸ்ரூடியோவில் ஏழு வருஷம் வேலை செய்தார். இருட்டறைக்குள் நின்று மற்றவர்களின் கலியாணப் படங்களைக் கழுவுகிற வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் முதலாளியின் கமறாவைக் கேட்டு வாங்கிக்கொண்டு கொழும்புத்துறைக் கரைக்குப் போவார். அங்கே எடுத்த கடல் படம் ஒன்றை முதலாளி பெரிதாகப் போட்டு, மூலையில் தன் பெயரை எழுதி, கடைக் கண்ணாடிக்குள் வைத்தார். ஒரு போட்டிக்கும் அனுப்பிக் கோப்பை வாங்கினார். அண்ணை கேட்டதற்கு, "கமறா என்ரை, பிலிம் என்ரை. அப்ப படமும் என்ரைதானே?" என்றாராம், சிரித்துக்கொண்டு.

அடுத்த மாசம் அண்ணைக்குச் செங்கமாரி வந்தது. கண் மஞ்சளாகி, நகம் மஞ்சளாகி, மூன்று கிழமையில் எல்லாம் முடிந்துவிட்டது. அவருக்கு இருபத்தாறு. எனக்குப் பத்தொன்பது.

செத்தவீட்டுக்கு முதலாளி மாலையோடு வந்தார். "என்ரை வலக்கை போச்சுது" என்று அழுதார். எனக்கு அந்த மாலையை எடுத்து அவர் முகத்தில் எறிய வேண்டும் போலிருந்தது.

எட்டாம் நாள் படையலான எட்டுச் செலவு முடிந்த அன்று அண்ணையின் பிஸ்கற் ரின்னைத் திறந்தேன். அந்தக் கடல் படத்தின் நெகற்றிவ் அதற்குள் இருந்தது. யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கடைப் படத்தில் இல்லாத ஒன்று அதில் இருந்தது. அடியில் ஒரு நகமளவுக்கு, கரைச் சேற்றில், கமறாவுக்குக் குனிந்து நிற்கிற ஒரு ஆளின் நீட்டு நிழல். மெலிந்த தோள், ஒரு பக்கம் சரிந்த தலை. அண்ணை அப்படித்தான் நிற்பார். முதலாளியோ விறகுக்குத்தி மாதிரித் தடித்த ஆள். அந்த நிழலைத்தான் அவர் வெட்டிவிட்டுப் போட்டிருக்கிறார்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு முதலாளி கட்டாயம் வருவார். சாப்பிடவும் இருப்பார். அவர் கண்ணுக்கு நேரே, கடைப் படத்தைவிட இரண்டு மடங்கு பெரிதாக, நிழலோடு அந்தப் படம் தொங்க வேண்டும். பார்க்கிற எல்லாரும் எடுத்தவன் யார் என்று அறிய வேண்டும். அவருக்குச் சோறு தொண்டையில் இறங்கக் கூடாது. இதைத்தான் நினைத்துக்கொண்டு எழும்பினேன், படுத்தேன்.

"அடையாள அட்டைப் படத்தைப் பெருப்பிச்சு வைப்பம் பிள்ளை. சனம் முகத்தைத்தானே பாக்கும்" என்றார் அம்மா.

"முகத்தை எல்லாரும் பாத்திருக்கினம். இதை ஒருத்தரும் பாக்கேல்லை."

"செத்தவனை வைச்சுச் சண்டைக்குப் போறியோ?"

"ஓம்."

நெகற்றிவ்வைப் பெரிதாக்கிப் படம் போடுகிற பெட்டியை அண்ணை பழைய கமறாவொன்றிலும் பால்மா ரின்னிலும் தானே செய்து வைத்திருந்தார். பக்கத்தில் நின்று பார்த்ததில் எனக்கும் வேலை கொஞ்சம் தெரியும். படம் போடுகிற பேப்பர்தான் இல்லை. வெளிநாட்டுச் சாமான் வராத காலம் அது. சோனகத் தெருவில் கலியாணப் படம் எடுக்கிற ஒரு முஸ்லிம் அண்ணர், நாங்கள் நானா என்று கூப்பிடுகிறவர், அண்ணைக்குக் கூட்டாளி. அவரிடம் போனேன்.

அவர் அலுமாரியிலிருந்து இரண்டு சுருளை இறக்கினார். "மினுங்கல் பேப்பர் கேக்காதை தங்கச்சி. உவ்வளவு பெரிசிலை மினுங்கினா, சனம் படத்தைப் பாக்காது, அதிலை தங்கடை மூஞ்சியைப் பாத்துத் தலை சீவும். மங்கல்தான் சரி. தடிச்சதாயும் இருக்கவேணும், இல்லாட்டி ஈரத்திலை கிழிஞ்சு கையிலை வந்திடும்."

"ரெண்டு சுருளும் ஒண்டோ நானா?"

"இல்லை. இது ரெண்டாம் நம்பர், மேகம் கடல் எல்லாம் பதமா வரும். மற்றது நாலாம் நம்பர். கறுப்பைக் கறுப்பாக் காட்டும், ஆனா மேகம் வெளுத்துப் போயிடும்."

"நாலாம் நம்பர் தாங்கோ."

"உன்ரை அண்ணன் இருந்தா ரெண்டைத்தான் எடுப்பான்."

"அவர் இல்லையே நானா. மேகம் போனாப் போகட்டும்."

அவர் என்னை ஒருமாதிரிப் பார்த்தார். பிறகு இரண்டிலும் வெட்டிச் சுற்றித் தந்தார்.

நட்ட நடுப்பகலில், சாமான் அறை யன்னலைச் சாக்கால் அடைத்து வேலை தொடங்கினேன். மேசையில் வைத்தால் படம் ஒரு அடிக்கு மேல் வராது. அதனால் பெட்டியைப் படுக்கவைத்துச் சுவரில் வெளிச்சம் விழவிட்டேன். பேப்பரைச் சுவரில் குத்தி, எண்ணி எண்ணி வெளிச்சம் காட்டினேன். முதல் துண்டு கரியாகிப் போனது. இரண்டாவது, படம் கழுவுகிற மருந்தின் சூட்டில் இளகி, தோல் கழன்ற மாதிரி வந்தது. சித்திரை வெக்கைக்கு மருந்துத் தண்ணீர் கொதிக்காத குறைதான். மீன் வாடிக்குப் போய் ஐஸ் வாங்கி வந்து, மருந்துப் போத்தலைச் சுற்றி அடுக்கினேன்.

மூன்றடித் தாளை அமிழ்த்தத் தட்டம் எங்கே? நாலு பலகை அடித்து, உள்ளே பொலித்தீன் விரித்துத் தொட்டியாக்கினேன். தாளின் ஒரு நுனியை நான் பிடிக்க, மற்ற நுனியை அம்மாதான் பிடிக்க வேண்டியிருந்தது. சிவப்பு வெளிச்சத்தில் ஊஞ்சல் மாதிரி ஆட்டி ஆட்டி நனைத்தோம். அம்மாவின் பக்கத்து நுனியில்தான் நிழல் முதலில் வந்தது. கால், இடுப்பு, சரிந்த தலை.

"ஐயோ என்ரை ராசா" என்றார் அம்மா. ஆனால் கையை விடவில்லை.

அந்தியேட்டி அன்று முதலாளியை நானே கூட்டிப்போய் நேரெதிரே இருத்தினேன். வாழையிலை போட்டு, சோறும் நானே போட்டேன். அவர் நிமிர்ந்தார். படத்தைக் கண்டார். குழைத்த கை நின்றது. நான் எத்தனை நாள் காத்திருந்த கணம் அது!

அவர் நிழலைப் பார்க்கவில்லை. மேலே பார்த்தார். வெறும் வெள்ளையாய்க் கிடந்த வானத்தைப் பார்த்தார்.

"மேகம் எங்கை பிள்ளை?" என்றார். "மேகத்தைச் சாகடிச்சுப்போட்டியே! உந்த மேகத்துக்காக அவன் மூண்டு ஞாயிறு விடியச் சேத்துக்கை நிண்டவன்."

அம்மா சாம்பார் வாளியைக் கீழே வைத்தார். அதுவரை சண்டை வேண்டாம் என்று நின்ற அதே அம்மா.

"அப்ப எடுத்தது என்ரை பிள்ளை. நீங்களே சொல்லிப்போட்டியள்."

யாரோ இருமினார்கள். முதலாளி இலையை மடித்து, கையைக் கழுவிக்கொண்டு போனார். அவர் போன பிறகு ஊர்ச்சனம் எழும்பி வந்து படத்துக்குக் கிட்ட நின்று அண்ணையின் நிழலைப் பார்த்தது. நான் நினைத்தது நடந்தது. ஆனால் அண்ணையின் மேகத்தைத் தின்றது முதலாளி இல்லை, நான். அதை அந்த ஆள் வாயாலேயே கேட்க வேண்டி வந்ததே என்று அடுக்களைக்குள் போய் நெஞ்சில் அடித்துக்கொண்டேன்.

அடுத்த கிழமை கடைக் கண்ணாடிக்குள் அந்தப் படம் இல்லை. கழற்றத்தான் அவருக்கு மனம் வந்தது, அண்ணையின் பெயரை எழுத வரவில்லை. கோப்பை இன்னும் அங்கேயே இருக்கிறது.

பிறகு நானாவின் ரெண்டாம் நம்பர் பேப்பரில் மறுபடி போட்டேன். அடியை அட்டையால் மறைத்து, வானத்துக்கு மட்டும் இன்னொரு மடங்கு வெளிச்சம் காட்டினேன். மேகம் முழுதும் வந்தது, நிழலும் நின்றது. அதைத்தான் இப்போது வீட்டில் மாட்டியிருக்கிறோம்.

எனக்கு இன்னும் ஆறவில்லை. அந்தக் கடைக்கு முன்னால் சைக்கிளில் போகும்போது ஒவ்வொரு முறையும் பல்லைக் கடிக்கிறேன். அவருக்கு நல்லது நினைக்க என்னால் ஏலாது, அதை ஒருவரும் என்னிடம் கேட்க வேண்டாம். இதை வாசிக்கிற நீங்கள் கோயிலுக்குப் போகிறவரோ, பள்ளிவாசலுக்கோ தேவாலயத்துக்கோ போகிறவரோ, என் அண்ணையின் ஆத்துமாவுக்காக எல்லாரும் ஒருதரம் மன்றாடுங்கள். என் மன்றாட்டில் கோபம் கலந்துவிடுகிறது. உங்களுடையது சுத்தமாகப் போய்ச் சேரும்.