கயிற்றுக் கட்டிலும் கடலை மூட்டையும்

கரண்ட் ஆபீசில் எனக்கு லைன்மேன் வேலை. சித்தூர் ஜில்லாவில் புத்தூர், நகரிப் பக்கத்துக் கம்பங்களில் பாதி என் கால் பட்டவை. எழுபதுகளின் கடைசியில் எங்களைத் திருப்பதிக்கு அழைத்து இரண்டு நாள் வகுப்பு வைத்தார்கள். ஷாக் அடித்து மூச்சும் நாடியும் நின்றுபோனவனை, நெஞ்சை அமுக்கி வாயில் காற்று ஊதி எப்படிக் காப்பாற்றுவது என்று ஒரு டாக்டர் தெலுங்கில் சொல்லிக்கொடுத்தார். முழங்கையை மடக்காதே, உடம்பு பாரம் முழுவதையும் இறக்கு, எலும்பு முறிந்தாலும் விடாதே என்றார். எல்லாவற்றுக்கும் முன்னால் ஆளைக் கெட்டித் தரையில் போடு என்றார். நான் நன்றாகச் செய்கிறேன் என்று முதுகில் தட்டிக்கொடுத்தார். அதை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அடுத்த கோடையில் ஒருநாள் பகல், ஒரு கழனியில் மோட்டார் மீட்டர் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்துக் கிணற்றடியில் கூச்சல் கேட்டது. ஓடினேன். ஈரக் கையோடு சுவிட்சைத் தொட்டிருக்கிறான் அந்தக் கழனிக்காரன். முப்பது வயது இருக்கும். யாரோ பியூஸைப் பிடுங்கியிருந்தார்கள். ஆளைத் தூக்கிக் கொட்டகை நிழலில் கிடந்த கயிற்றுக் கட்டிலில் போட்டிருந்தார்கள். மூச்சு இல்லை, நாடி இல்லை. உடம்பில் சூடு இருந்தது.

"கீய எறக்குங்கடா!" என்று கத்தினேன். இரண்டு பேர் அவன் தோளைப் பிடித்தார்கள். அவன் மனைவி கட்டில் சட்டத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

"தரையில போடாதீங்க! உசுரோட கீறவர யாருனா தரையில போடுவாங்களா? எம் புருசன் சாவலண்ணா!"

எங்கள் பக்கத்தில் உயிர் பிரிந்தவரைத்தான் கட்டிலிலிருந்து இறக்கித் தரையில் கிடத்துவார்கள். தோளைப் பிடித்த இருவரும் சுட்டதுபோல் கையை எடுத்துவிட்டார்கள். நானும் அதே மண்ணில் பிறந்தவன்தானே. என்னைப் பெற்ற நைனாவை இறக்கிக் கிடத்திய காலை கண்முன் வந்தது. கட்டிலிலேயே வைத்து அமுக்கினேன். 'ஒகட்டி, ரெண்டு, மூடு' என்று அந்த டாக்டரைப் போலவே தெலுங்கில் உரக்க எண்ணினேன். அமுக்க அமுக்கக் கயிறுதான் பள்ளமானதே தவிர நெஞ்சு இறங்கவில்லை. என் உள்ளங்கைக்கு அது தெரிந்தது. தெரிந்தும் அமுக்கிக்கொண்டிருந்தேன். யாரோ டிராக்டர் கொண்டுவந்தார்கள். அது புத்தூர் ஆஸ்பத்திரி வாசலில் நின்றபோது எல்லாம் முடிந்துபோயிருந்தது.

தரையில் போட்டிருந்தால் பிழைத்திருப்பான் என்று சத்தியம் செய்ய என்னால் முடியாது. பிழைத்திருக்க மாட்டான் என்றும் செய்ய முடியாது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் அதற்குப்பிறகு நான் தூங்கி எழுந்தேன்.

பிறகு ஊர் ஊராகப் போய் நெஞ்சை அமுக்கும் விதத்தைக் காட்ட ஆரம்பித்தேன். "கண்ணு கெட்ட பெறகு சூரிய நமஸ்காரமா?" என்று என் வீட்டுக்காரி குத்தினாள். குத்தட்டும். ஒரு சாக்கில் பாதிக்கு வேர்க்கடலை, ஓடு உரிக்காமல். அதுதான் நான் கொண்டுபோகும் ஆள். முதலில் கட்டிலில் வைத்து அமுக்கச் சொல்வேன். சத்தமே வராது. பிறகு தரையில் இறக்கி அமுக்கச் சொல்வேன். கடலை நொறநொறவென்று உடையும். பயந்து கையை எடுப்பார்கள். "எடுக்காதடா, எலும்பு ஒடஞ்சா ஒட்டிக்கும். போன உசுரு ஒட்டுமா?" என்று திட்டுவேன்.

அந்தக் கழனிக்காரன் ஊருக்கு மட்டும் நாலு வருஷம் போகவில்லை. அவன் மனைவி முன்னால் அந்தச் சாக்கைக் கட்டிலில் வைக்க எனக்குத் தைரியமில்லை. தான் தடுத்ததால் என்ன ஆனது என்று ஒரு நிமிஷத்தில் அவளுக்குப் புரிந்துவிடும். அப்புறம் அங்கே இன்னொருவன் ஷாக் அடித்துத் தெய்வாதீனமாகப் பிழைத்தான். ஊர்ப் பெரியவர்கள் என்னைக் கூப்பிட ஆள் அனுப்பிவிட்டார்கள். இனி எப்படி மறுப்பது?

போனேன். பெண்கள் வரிசையில் முதலில் அவள் உட்கார்ந்திருந்தாள். கட்டிலைக் கேட்காமல் சாக்கை நேராகத் தரையில் போட்டேன்.

"இன்னா லைன்மேனு, மூட்டைக்கு உசுரு குடுக்கறியா?" என்று ஒருவன் சிரித்தான். "கட்டுல்ல வெச்சி அமுக்கனா ஆவாதா? குனிய வாணாமே!"

எல்லோரும் சிரித்தார்கள். நான் பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் நாளைக்கு இவனே எவனையாவது கட்டிலில் போட்டு அமுக்குவான். கட்டிலைக் கொண்டுவரச் சொன்னேன். வைத்து அமுக்கினேன், சத்தமில்லை. தரையில் இறக்கி அமுக்கினேன். கடலை உடைந்தது.

அவள் எழுந்தாள்.

"அன்னிக்கே இது உனுக்குத் தெரியுமாண்ணா?"

"தெரியும்மா."

"தெரிஞ்சிக்கினேவா நான் சொன்னன்னு வுட்டுட்ட? என்னப் புடிச்சித் தள்ளக் கூடாதா?"

பழி அவள்மேல் விழக்கூடாது என்று நாலு வருஷமாக நான் கவலைப்பட்டதெல்லாம் வெறும் நடிப்பு. நான் பயந்தது இந்தக் கேள்விக்குத்தான். தலையைக் குனிந்துகொண்டேன்.

அவள் வந்து சாக்கின் பக்கத்தில் மண்டியிட்டாள். கையின்மேல் கை வைத்தாள். முழங்கை மடங்கவில்லை. அன்று என்னைப் பார்த்தது அப்படியே அவள் மனதில் இருந்திருக்கிறது. "ஒகட்டி, ரெண்டு, மூடு" என்று என்னைப் போலவே எண்ணினாள். நாலு வருஷத்தில் அவ்வளவு சரியாக அமுக்கிய ஆளை நான் பார்த்ததில்லை.

"போதும்மா," என்றேன்.

கடலையெல்லாம் தூளாகிச் சத்தம் நின்றுபோன பிறகும் அவள் எண்ணிக்கொண்டிருந்தாள்.